ஃபுட்பால் மேனேஜர் 2024: வீரரின் ரேட்டிங்கையும் வளர்ச்சியையும் நம் விருப்பப்படி அமைக்க முழு வழிகாட்டி

ஃபுட்பால் மேனேஜர் என்பது கால்பந்து கிளப் ஒன்றின் மேனேஜராக நாம் ஆடும் கணினி ஆட்டம். அதன் வீரர் விவரங்களைத் திருத்தும் எடிட்டரில், பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்கு எல்லாத் திறன்களையும் 18, 19 என்று அள்ளிப் போடுகிறீர்கள். சேவ் செய்து, புது கேரியர் தொடங்கி, ஆளைத் தேடிப் பார்த்தால் 11, 12 என்று இளைத்துப் போய் நிற்கிறான். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஃபைலில் கோளாறு எதுவும் இல்லை. கையில் இருந்த காசுக்கு மேல் செலவு எழுதிவிட்டீர்கள், ஆட்டம் அதைக் கணக்குப் பார்த்து வெட்டிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கணக்கு புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

இதில் சொல்லும் படிகள் 2024 பதிப்புக்கானவை. 2025 பதிப்பு வெளிவராமலே கைவிடப்பட்டது. 2026 பதிப்பு யூனிட்டி என்ற வேறு மென்பொருள் எஞ்சினுக்கு மாறியதால் திரைகள் வேறு மாதிரி இருக்கும். ஆனால் அடியில் ஓடும் சிஏ (கரன்ட் அபிலிட்டி), பிஏ (பொட்டென்ஷியல் அபிலிட்டி) கணக்கு பல பதிப்புகளாக இதேதான்.

சிஏ, பிஏ: வரவும் செலவும்

திரையில் நாம் பார்க்கும் திறன் எண்கள் 1 முதல் 20 வரை. அவற்றுக்குப் பின்னால் திரையில் காட்டாத இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று சிஏ, வீரரின் இன்றைய தரம். மற்றொன்று பிஏ, அவர் எட்டக்கூடிய உச்சம். இரண்டுக்கும் அளவு 1 முதல் 200.

சிஏ என்பது மாதச் சம்பளம் மாதிரி. திறன் எண்கள் அந்தச் சம்பளத்தில் செய்யும் செலவு. ஒவ்வொரு திறனுக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலை வீரர் ஆடும் இடத்தைப் பொறுத்து மாறும். சென்டர் பேக்குக்கு மார்க்கிங், டேக்ளிங், ஹெடிங், பொசிஷனிங் ஆகியவை விலை அதிகம். அவருக்கே ஃபினிஷிங் 15 கொடுத்தால் செலவு சொற்பம். ஸ்ட்ரைக்கருக்கு அதே ஃபினிஷிங் பெரிய செலவு. வேகம் சம்பந்தப்பட்ட பேஸும் ஆக்ஸிலரேஷனும் கோல்கீப்பர் தவிர கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் விலை கூடியவை. நடுக்களத்தில் டெசிஷன்ஸும் அப்படித்தான். இதற்கு நேர் எதிராக டிடர்மினேஷன், ஃப்ளேர், அக்ரஷன், நேச்சுரல் ஃபிட்னஸ் ஆகியவை சிஏ கணக்கில் சேர்வதே இல்லை. அவற்றை 20 ஆக்கினாலும் மற்ற எண்கள் குறையாது.

பலர் கவனிக்காமல் விடும் செலவுகள் இரண்டு. முதலாவது, பலவீனமான கால். இரண்டு காலுக்கும் 20 கொடுத்தால் அது சிஏவில் கணிசமாகக் கடித்துவிடும். மற்ற திறன்கள் அந்த அளவுக்கு இறங்கும். இரண்டாவது, பல இடங்களில் ஆடும் தகுதி. ஒருவருக்கு ஐந்து இடங்களில் 20 போட்டால், அந்த ஐந்து இடங்களுக்கும் விலை கூடிய திறன்கள் எல்லாம் சேர்ந்து கணக்கில் ஏறும். எங்கும் ஆடத் தெரிந்தவர், எந்த இடத்திலும் பளிச்சென்று இருக்க மாட்டார். முதன்மை இடத்துக்கு 20, பக்கத்து இடம் ஒன்றுக்கு 15 முதல் 17, அதற்கு மேல் வேண்டாம்.

எடிட்டரைத் திறந்து வைப்பது

1. ஆட்டங்களை வாங்கி நிறுவும் ஸ்டீம் செயலியில் லைப்ரரி பட்டியலின் வடிகட்டியில் 'டூல்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். ஆட்டம் வாங்கியவர்களுக்கு 'ஃபுட்பால் மேனேஜர் 2024 எடிட்டர்' அங்கே இலவசமாக இருக்கும். நிறுவிக்கொள்ளுங்கள்.

2. எடிட்டரைத் திறந்ததும் திரை வெறுமையாக இருக்கும். ஃபைல் மெனுவில் 'லோட் டேட்டாபேஸ்' கொடுத்து, பட்டியலில் உள்ளவற்றில் ஆகப் புதிய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். பழையதை எடுத்தால் அதற்குப் பின் வீரர்கள் கிளப் மாறிய இடமாற்றங்கள் இருக்காது.

3. இடப்பக்கம் 'பீப்பிள்' பகுதிக்குப் போய், பெயரை வைத்து வடிகட்டித் தேடுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். பிறந்த தேதியையும் கிளப்பையும் பார்த்து உறுதி செய்த பிறகே கை வையுங்கள். பயிற்சியாளராகிவிட்ட பழைய வீரரைத் திருத்திவிட்டு, 'மாற்றம் எதுவும் வரவில்லையே' என்று தேடுவது அடிக்கடி நடப்பது.

4. எதையும் மாற்றுவதற்கு முன்பே ஒரு முறை சேவ் செய்து பெயர் வைத்துவிடுங்கள். எஃப்எம்எஃப் வகை ஃபைலாகச் சேமிக்கும். விண்டோஸில் அது இருக்க வேண்டிய இடம்: டாக்குமென்ட்ஸ், அதற்குள் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ், அதற்குள் ஃபுட்பால் மேனேஜர் 2024, அதற்குள் 'எடிட்டர் டேட்டா' என்ற ஃபோல்டர். இந்தக் கடைசி ஃபோல்டர் இல்லையென்றால் நீங்களே அதே பெயரில் உருவாக்கலாம்.

இந்த எடிட்டர் மூல டேட்டாபேஸை அழிப்பதில்லை. நீங்கள் செய்த மாற்றங்களை மட்டும் தனியே எழுதி வைக்கிறது. ஆகவே பிடிக்கவில்லை என்றால் ஃபைலை நீக்கினால் போதும், எல்லாம் பழையபடி.

ஒரு வீரரைச் செதுக்கும் வரிசை

வரிசை முக்கியம். முதலில் வயது, இடம், கால். அடுத்து சிஏ, பிஏ. கடைசியில்தான் திறன் எண்கள். தலைகீழாகப் போனால் முதல் பத்தியில் பார்த்த கதைதான்.

உதாரணத்துக்கு 17 வயது நடுக்கள வீரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சென்டர் மிட்ஃபீல்டில் 20, டிஃபென்சிவ் மிட்ஃபீல்டில் 15. வலது கால் 20, இடது கால் 10. சிஏ 110, பிஏ 160. சிஏவை எப்படி முடிவு செய்வது? ஊகம் வேண்டாம். அவர் இப்போது எந்த லீகில், எந்தத் தரத்தில் ஆட வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அந்தத் தரத்தில் ஏற்கெனவே ஆடும் மூன்று நான்கு பேரை அதே எடிட்டரில் திறந்து அவர்களுடைய சிஏவைப் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் ஒரு எண் போடுங்கள். எடிட்டரே உங்களுக்கு அளவுகோல்.

அடுத்து திறன்கள். எல்லாவற்றையும் நிரப்பத் தேவையில்லை. அந்த வீரரின் அடையாளம் எதுவோ அதை மட்டும் நிரப்புங்கள்: பாஸிங் 14, விஷன் 14, டெக்னிக் 13, ஃபர்ஸ்ட் டச் 13, ஸ்ட்ரெங்த் 8. மீதியை 0 என்றே விட்டுவிடுங்கள். எடிட்டரில் 0 என்றால் திறமை இல்லை என்று பொருளல்ல, 'நீயே முடிவு செய்' என்று ஆட்டத்திடம் சொல்வது. மிச்சமிருக்கும் சிஏவுக்கும் ஆடும் இடத்துக்கும் ஏற்ப அது நிரப்பிக்கொள்ளும். ஆறேழு எண்களை நாம் பிடித்து வைத்து மீதியை விட்டுவிடுவதுதான் இயல்பான வீரரைத் தரும். எல்லாக் கட்டத்திலும் எண் போட்டு, அவற்றின் கூட்டு சிஏவுக்குப் பொருந்தவில்லை என்றால், ஆட்டம் தொடங்கும்போது இழுத்துப் பிடித்துச் சரி செய்யும். அப்போது நீங்கள் ஆசையாகப் போட்ட எண்ணே அடிபடலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சிஏ 160 கொடுத்துவிட்டு முக்கியத் திறன்களை எல்லாம் 10, 11 என்று பூட்டி வைத்தால், மிஞ்சிய புள்ளிகள் நீங்கள் காலியாக விட்ட கட்டங்களுக்குள் பாயும். அங்கே சம்பந்தமே இல்லாத திறன் ஒன்று திடீரென உச்சத்தில் நிற்கும்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். ஜம்பிங் ரீச் என்பது எவ்வளவு உயரம் எட்டுகிறார் என்ற அளவு, எவ்வளவு துள்ளுகிறார் என்பதல்ல. உயரமும் அதற்குள் அடக்கம். 168 சென்டிமீட்டர் வீரருக்கு 18 போடுவது அபத்தமாகவே முடியும்.

கோல்கீப்பர் என்றால் ஒரு குறிப்பு: எக்சன்ட்ரிசிட்டி, பஞ்சிங், ரஷ்ஷிங் அவுட் ஆகியவை தரம் அல்ல, பழக்கம். கூடினால் நல்லது என்று நினைத்து எக்சன்ட்ரிசிட்டியை 18 ஆக்கினால், பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிரணி ஸ்ட்ரைக்கரை ஏமாற்றப் பார்க்கும் ஆள்தான் கிடைப்பார்.

மைனஸ் பிஏ

பிஏவுக்கு நிலையான எண் போட்டால் எத்தனை முறை புது கேரியர் தொடங்கினாலும் உச்சம் அதேதான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற வேண்டும் என்றால் மைனஸ் எண் போட வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது அந்த வரம்புக்குள் ஏதாவது ஓர் எண்ணை அது குலுக்கி எடுக்கும்:

-10 என்றால் 170 முதல் 200
-95 என்றால் 160 முதல் 190
-9 என்றால் 150 முதல் 180
-85 என்றால் 140 முதல் 170
-8 என்றால் 130 முதல் 160

-95, -85 என்பவை ஒன்பதரை, எட்டரை என்பதன் சுருக்கம். அதிர்ச்சி அடைய வேண்டாம். 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மைனஸ் எண்ணும், அதற்கு மேல் நிலையான எண்ணும் பொருத்தம். இருபத்தெட்டு வயதுக்காரரின் உச்சம் எது என்பது ஏறக்குறையத் தெரிந்த விஷயம், அதைக் குலுக்கலில் விடுவதில் அர்த்தமில்லை. இளைஞர்களின் உச்சமோ எவருக்கும் தெரியாது. இந்த ஆட்டத்தின் முன்னோடியான சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02 ஆடியவர்களுக்கு செர்னோ சாம்பா என்ற பெயரே போதும். ஆட்டத்தில் கோல் மழை பொழிந்த அந்த மில்வால் இளைஞர், நிஜத்தில் பிரீமியர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. டேட்டாபேஸ் என்பதே விவரம் தெரிந்தவர்கள் செய்த ஊகம்தான்.

பிஏ எப்போதும் சிஏவுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். சிஏவை ஏற்றிவிட்டு பிஏவைப் பழைய எண்ணிலேயே விட்டால், வளர இடமில்லாத வீரர்தான் மிச்சம்.

வளர்ச்சியைத் தீர்மானிக்கும் மறை எண்கள்

பிஏ கூரை மட்டும்தான். அந்தக் கூரை வரை ஏறுவாரா என்பதை முடிவு செய்வது குணம். எடிட்டரில் குணத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது: அடாப்டபிலிட்டி, ஆம்பிஷன், கான்ட்ரவர்சி, லாயல்டி, பிரஷர், புரொஃபஷனலிசம், ஸ்போர்ட்ஸ்மன்ஷிப், டெம்பரமென்ட். இவை ஆட்டத் திரையில் எண்ணாகத் தெரியாது, குணத்தின் பெயராக மட்டும் தெரியும்.

வளர்ச்சிக்கு இவற்றில் முதலிடம் புரொஃபஷனலிசத்துக்கு. அடுத்து ஆம்பிஷனும், திரையிலேயே தெரியும் டிடர்மினேஷனும். பிஏ 180, புரொஃபஷனலிசம் 4 உள்ள பையனைவிட, பிஏ 155, புரொஃபஷனலிசம் 17 உள்ளவன் பெரும்பாலும் நல்ல வீரராக முடிவான். மேலே சொன்ன நடுக்கள வீரருக்கு புரொஃபஷனலிசம் 15, ஆம்பிஷன் 14, டிடர்மினேஷன் 15, பிரஷர் 13 போதும். எல்லாவற்றையும் 20 ஆக்கினால் வளர்ச்சி உறுதிதான், ஆனால் பார்த்துக்கொண்டிருக்கச் சுவாரஸ்யம் இருக்காது. ஆம்பிஷனை ஏற்றி லாயல்டியை 3 ஆக்கினால், பெரிய கிளப் வாசலில் வந்து நின்ற அன்றே 'போகிறேன்' என்பார். அது தேவையா என்று யோசித்துப் போடுங்கள்.

மற்றொரு மறைப் பட்டியலில் கன்சிஸ்டன்சி, இம்பார்ட்டன்ட் மேட்சஸ், இன்ஜுரி புரோன்னஸ், டர்ட்டினஸ், வெர்சடிலிட்டி. முதல் இரண்டும் கூடினால் நல்லது. இன்ஜுரி புரோன்னஸ் குறைந்தால் நல்லது. கட்டங்களை வரிசையாக நிரப்பிக்கொண்டே போகும் வேகத்தில் இதற்கும் 18 போட்டுவிட்டு, சீசனில் பாதியை மருத்துவ அறையில் கழிக்கும் வீரரை உருவாக்கியவர்கள் நிறைய. வளர வேண்டிய வயதில் ஆறு மாதக் காயம் ஒன்று, பிஏவை எட்டும் வாய்ப்பையே குலைத்துவிடும்.

ரெப்யூட்டேஷனும், அதாவது வீரரின் புகழைக் குறிக்கும் எண்ணும், சிஏவோடு ஒத்துப் போக வேண்டும். சிஏ 170, பெயரோ யாருக்கும் தெரியாது என்றால், தேசிய அணி அழைக்காது, சந்தை மதிப்பு கீழே கிடக்கும், கணினி நடத்தும் கிளப் அவரை பெஞ்சில் உட்கார வைக்கும். ஆடாதவர் வளர மாட்டார்.

ஒருவரை அல்ல, ஒரு கிளப்பையே மாற்றுவது

ஒரு கிளப்பில் இளைஞர்கள் தொடர்ந்து நன்றாக வர வேண்டும் என்றால், கிளப் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கின்றன, எல்லாம் 1 முதல் 20. யூத் ரெக்ரூட்மென்ட், ஜூனியர் கோச்சிங் ஆகியவை ஆண்டுதோறும் வரும் புதுப் பையன்களின் தரத்தையும், யூத் ஃபெசிலிட்டீஸ் இளையோர் அணியில் இருப்பவர்களின் வளர்ச்சியையும், டிரெய்னிங் ஃபெசிலிட்டீஸ் மூத்த அணியின் பயிற்சியையும் முக்கியமாகப் பாதிக்கும். நாட்டுப் பக்கத்தில் உள்ள யூத் ரேட்டிங் அந்த நாட்டில் பிறக்கும் எல்லாப் புது வீரர்களையும் தொடும். இந்தியா உலகக் கோப்பையில் ஆட வேண்டும் என்று ஆசைப்படுபவர் கை வைக்க வேண்டிய எண் இதுதான். ஆனால் விளைவு தெரிய பத்துப் பதினைந்து சீசன் பொறுக்க வேண்டும்.

கேரியர் தொடங்கும்போது

இந்த மாற்றங்கள் புதிதாகத் தொடங்கும் கேரியரில் மட்டுமே வரும். ஓடிக்கொண்டிருக்கும் சேவில் வராது. புது கேரியர் அமைக்கும் திரையில் 'அட்வான்ஸ்டு செட்டப்' வழியாகப் போய், எடிட்டர் டேட்டா பட்டியலில் உங்கள் ஃபைலுக்கு எதிரே டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டேட்டாபேஸ் அளவு சிறியதாக இருந்து, அவருடைய நாட்டு லீக்கும் தேர்வில் இல்லை என்றால், திருத்திய வீரர் ஆட்டத்திலேயே இல்லாமல் போகலாம். அந்த லீகைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இறக்கிய இடமாற்ற ஃபைலும் உங்கள் ஃபைலும் ஒரே வீரரைத் தொட்டால், எது ஜெயிக்கும் என்று நம்பிச் சொல்ல முடியாது. இறக்கிய ஃபைலையே எடிட்டரில் திறந்து, அதற்குள்ளேயே உங்கள் திருத்தத்தையும் செய்து ஒரே ஃபைலாக வைப்பது பாதுகாப்பு.

களத்தில் வளர்ப்பது

110லிருந்து 160க்குப் போக 50 புள்ளி. ஆண்டுக்கு 10 ஏறினாலும் ஐந்து சீசன் ஆகும், 22 வயது. ஆகவே ஒரு சீசனும் வீணாகக் கூடாது.

18 வயது வரை பயிற்சி வசதியும் பயிற்சியாளர் தரமும் பெரும்பங்கு வகிக்கும். அந்த வயதில் இரண்டாம் தர கிளப்புக்கு லோனில் (தற்காலிகமாக ஆட) அனுப்புவதைவிட, உங்கள் வசதி நன்றாக இருந்தால் உங்கள் கிளப்பிலேயே வைத்திருங்கள். 18 தாண்டியதும் நிலைமை மாறும். மூத்தோர் ஆட்டத்தில் நிமிடங்கள் வேண்டும். உங்கள் அணியில் இடமில்லை என்றால் லோன். லோன் கொடுக்கும்போது பார்க்க வேண்டியவை: தொடக்க பதினொன்றில் இடம் தருவதாக ஒப்புக்கொள்கிறார்களா, நீங்கள் பயிற்சி கொடுக்கும் இடத்தில்தான் ஆட வைப்பார்களா, பயிற்சி வசதி ஓரளவாவது இருக்கிறதா. மூன்றும் இல்லாத லோன் வெறும் சம்பள மிச்சம்.

பயிற்சியில் தனி நபர் பகுதிக்குப் போய் இடத்தையும் ரோலையும் கொடுங்கள். ரோல் எதுவோ, அதற்கு முக்கியமான திறன்கள் பக்கம் புள்ளிகள் சாயும். எந்தத் திறன் ஏற வேண்டும் என்பதை நீங்கள் நடத்துவது இங்கேதான். கூடுதல் கவனமாக ஒன்றை மட்டும் சேருங்கள். உடல் நிலை நன்றாக இருக்கும்போது மட்டும் இரட்டைத் தீவிரம், களைப்பு ஏறும்போது பாதி. எல்லா நாளும் இரட்டை என்று வைத்துவிட்டுத் தசைப்பிடிப்புக் காயங்களைக் கண்டு ஆச்சரியப்பட வேண்டாம். பயிற்சியாளர்களின் வேலைச்சுமை 'ஹெவி' என்று காட்டினால், நட்சத்திரம் எத்தனை இருந்தாலும் பயன் குறைவு, இன்னொருவரைச் சேருங்கள்.

குணம் சரியில்லாத பையனை மாற்ற வழி மென்டரிங். அணியில் செல்வாக்கும் நல்ல குணமும் உள்ள மூத்த வீரரோடு ஒரே குழுவில் போடுங்கள். மெதுவாக நடக்கும், வயது குறைவாக இருந்தால் நன்றாக ஒட்டும். ஆனால் குழுவில் கெட்ட குணம் கொண்ட செல்வாக்கானவர் ஒருவர் இருந்தால், அதுவும் அதே வேகத்தில் ஒட்டும்.

கேரியர் நடுவே திருத்த

இன்-கேம் எடிட்டர் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியது. இது ஓடும் சேவிலேயே சிஏ, பிஏ, குணம், காயம் எல்லாவற்றையும் காட்டும், மாற்றவும் விடும். கேரியர் தொடங்கும்போது 'இன்-கேம் எடிட்டர் வேண்டாம்' என்று டிக் செய்திருந்தால் பிறகு திறக்காது. இதில் திறன் எண்ணை மட்டும் ஏற்றி, சிஏவை அப்படியே விட்டால் சில மாதங்களில் எண்கள் நழுவத் தொடங்கும். காரணம் முதலில் பார்த்த அதே வரவு செலவுதான்.

சோதித்துப் பார்ப்பது

தொடங்கிய அன்றே ஒரு சேவ் எடுத்து வையுங்கள். அதிலிருந்து ஹாலிடே போய் (நாம் கை வைக்காமல் ஆட்டமே நாட்களை ஓட்டும் வசதி) மூன்று சீசன் ஓட்டிவிட்டு வீரரைப் பாருங்கள். ஒரு முறை போதாது. காயம், மேனேஜர் மாற்றம் என்று எதிர்பாராதவை நிறைய, அதனால் அதே சேவிலிருந்து மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் வளரவில்லை என்றால் முதலில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள், பிறகு புரொஃபஷனலிசத்தை. பிஏவை ஏற்றுவது கடைசி வழி, பெரும்பாலும் தவறான வழி.

'பிஏ 170 கொடுத்தேன், பயிற்சியாளர் மூன்று நட்சத்திரம்தான் தருகிறார்' என்றால் பதற வேண்டாம். நட்சத்திரம் உங்கள் அணியின் தரத்தோடு ஒப்பிட்டுத் தருவது. பெரிய கிளப்பில் மூன்று பெற்றவர் சின்ன கிளப்பில் ஐந்து பெறுவார். மதிப்பிடுபவரின் கணிப்புத் திறன் குறைவாக இருந்தாலும் எண் பிசகும். வேறொரு ஸ்கவுட்டிடம் அறிக்கை கேட்டுப் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் எடிட்டருக்குத் திரும்புங்கள்.